எதற்கும் இல்லாத சுவிட்ச்

சத்தம் இருட்டின பிறகுதான் வரும், அக்கா. கீக்... கீக்... கீக்... கோழிக்குஞ்சை யாரோ கைக்குள் வைத்து மெல்ல நசுக்குகிற மாதிரி. நீங்கள் இப்போது சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அந்தப் போர்ஷனிலிருந்துதான் வரும். பயப்படாதீர்கள், இன்றைக்கு வராது. அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரி இன்று காலையில்தான் காலி பண்ணிக்கொண்டு போனாள்.

உட்காருங்கள். ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுத்ததோடு சரி, கூட வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். கடல் காற்று உண்டு. கொசுவும் உண்டு. நெட் எப்படி என்று கேட்டீர்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். நீங்களும் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில்தான் வேலையா? ஓ. கூட யாரும் வரவில்லையா, தனியாகத்தான் இருப்பீர்களா? ம். சரி, சரி. சும்மா கேட்டேன்.

இது ஒரே வீடாக இருந்தது, அக்கா. வாடகைக்காக நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிவிட்டார்கள். இந்த நடுக்கதவை மட்டும் எடுக்கவில்லை. நீங்கள்கூட இது வழியாகத்தானே வந்தீர்கள்? இதற்கு என் பக்கம் ஒரு தாழ், அந்தப் பக்கம் ஒரு தாழ். என் பக்கத்துத் தாழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு வருஷமாகப் போட்டதே இல்லை. போடக்கூடாது என்று என் புருஷன் சொல்லியிருந்தார்.

ஆமாம், அந்தப் போட்டோவில் இருக்கிறவர்தான். மெர்வின். பஹ்ரைனில் ஒரு ஓட்டலில் ஸ்டோர் கீப்பர். அமலி என் வயிற்றில் ஏழு மாதம், அப்போது போனவர். இதோ நடக்கிறாளே, இவள்தான் அமலி. இவளை அவர் கையில் தூக்கியதே கிடையாது. போனில் பார்த்ததுதான். அந்தப் போனுக்குத்தான் இவ்வளவு பாடும்.

இந்தத் தெருவில் என் சிம்முக்கு டவர் கிடைக்காது. புது லைன் இழுக்க வேண்டாம், அடுத்த போர்ஷனில் கோமதி டீச்சர் வைத்திருக்கிறார், பாதிப் பாதி என்று மெர்வின்தான் பேசி முடித்தார். ரவுட்டர் அவள் பக்கம், கதவுக்கு மேலே. கதவைத் திறந்து வைத்தால் என் வீட்டுக்குள் சிக்னல் வரும். மூடினால் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஆக, ராத்திரி எட்டு மணிக்கு அவர் டியூட்டி முடிந்து கூப்பிடும்போது நானும் பிள்ளையும் நிலைப்படியில் உட்கார்ந்திருப்போம். நல்லா யோசித்துப் பாருங்கள், அக்கா. என் புருஷன் அவள் வீட்டு வழியாகத்தான் என் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ராத்திரி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். முப்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் கேட்கவில்லை, நான் அந்த மாதிரி ஆள் இல்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருப்பாள். சிரித்தால் கன்னத்தில் குழி. அதை நான் கவனித்தேன் என்றால், எல்லோரும்தான் கவனிப்பார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் நெட் போக ஆரம்பித்தது. அதுவும் சரியாக எட்டு மணிக்கு. அவர் "ஏட்டி, சாப்ட்டியா?" என்பார். நான் "ம், பிள்ளை இன்னைக்கு..." என்று தொடங்குவேன். மேலே கீக் கீக் என்று சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார், படம் மாதிரி. பிறகு அதுவும் போய்விடும். விடிந்தால் நெட் நன்றாக வரும். பகலெல்லாம் வரும். பகலில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு நான் பயந்த பயம்! தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவள். சிலுவை போட்டுக்கொண்டு பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டேன். டீச்சர் ஓடிவந்து, "ஒண்ணுமில்ல ஜூடித், ரவுட்டருக்கு ஒரு பேட்டரிப் பெட்டி வச்சிருக்கேன்லா, அதுதான் கத்துது" என்றாள். பெட்டி தானாகக் கத்துமா, அக்கா? யாராவது கிள்ளினால்தானே கத்தும்?

அன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை. பிறகுதான் நினைத்தேன்.

ஏனென்று கேளுங்கள். லைன் போனதும் மெர்வின் பதறிப்போய் டீச்சருடைய போனுக்கு அடிப்பார். அவள் சிம்முக்கு டவர் உண்டே. முதலில் என்னிடம்தான் கொடுக்கச் சொன்னார்.

"ஏட்டி, அந்தப் பெட்டியில எந்த லைட்டு எரியுது, பாரு."

"ஒண்ணும் எரியலங்க."

"வயரு எல்லாம் சரியா சொருகியிருக்கா?"

"எந்த வயரு? மஞ்சளா, கறுப்பா?"

"மஞ்சள் வயரு எங்க போகுது?"

"சுவருக்குள்ள போகுது."

"சரி, சரி, போனை டீச்சர்ட்ட குடு."

அவ்வளவுதான். போனை டீச்சர்ட்ட குடு. அன்றிலிருந்து தினமும் இதுதான். இவர் அங்கிருந்து சொல்வார், அவள் ஸ்டூலில் ஏறி நிற்பாள். "கழட்டிட்டு திரும்ப மாட்டுங்க டீச்சர்." "மாட்டியாச்சு." "பத்து வரைக்கும் எண்ணுங்க." அவள் எண்ணுவாள். சத்தமாக, ஒன்று, இரண்டு என்று, ஒரு ராகத்தோடு. அவர் சிரிப்பார். கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியுமே என்பார். அவளும் சிரிப்பாள். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் விழுந்துவிடக்கூடாதாம்.

என் அப்பா என்னைக் கான்வென்ட்டில் போர்டிங்கில் போட்டுப் படிக்கவைத்தார், அக்கா. பிழையில்லாமல் இங்கிலீஷ் பேசுவேன். கல்யாணத்துக்கு மெர்வின் அதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். ஆனால் என்னிடம் அவர் பேசியது என்ன? சாப்ட்டியா, பிள்ளை தூங்கிட்டா, சளி எப்படி இருக்கு. அவளிடம் பேசியது அடாப்டர், ரீஸ்டார்ட், பாஸ்வேர்டு. ஒரு மனுஷனுக்கு எதைப் பேசும்போது குரல் மாறுகிறது என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா?

யாரோ தெருவிலிருந்து நெட்டைத் திருடுகிறார்களோ என்று பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மாற்றினாள். என்ன வைத்தாள் தெரியுமா? அமலி. என் பிள்ளை பெயர். "நீங்க மறக்காம இருக்கணும்லா ஜூடித், அதான்" என்றாள். நான் ஏன் மறக்கப்போகிறேன்? பெற்றவள் நான். நன்மைக்கு வைத்தாளாம். சரி, நன்மைக்கே இருக்கட்டும். அவள் வீட்டுப் பெட்டிக்குப் பூட்டுப்போட என் பிள்ளைதான் கிடைத்தாளா?

திருட்டு இல்லை என்று ஆனது. அடாப்டர் என்றார்கள், புது அடாப்டர் வந்தது. அன்றைக்கும் எட்டு மணிக்கு கீக் கீக். பேட்டரிப் பெட்டி பழசு என்றார்கள், புதுப் பெட்டி வாங்கினாள். அது கூடுதலாகக் கொஞ்ச நேரம் கத்திவிட்டுச் செத்தது. கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பகலில்தானே வருவார், பகலில்தான் ஒரு குறையும் இல்லையே. எலக்ட்ரீஷியனும் பகலில்தான் வந்து பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் ஜோராக இருக்கிறது என்று போய்விட்டார்.

அவளுக்கும் கிளாஸ் பாதியில் அறுந்துபோகிறதாம். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் பாடம் எடுக்கிறாளாம், இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்களாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள். பிள்ளைகள் நின்றால் வேறு பிள்ளைகள் வருவார்கள். புருஷன் அப்படியா?

அமலி பேச ஆரம்பித்தாளே, அதைச் சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளையும் முதலில் அம்மா என்னும். இவள் அப்பா என்றாள். போனைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நானே மெர்வினைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். போனைப் பார்க்கவில்லை. சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், இவள் தவழ்ந்து போய் இந்த நடுக்கதவைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டி, "அப்பா! அப்பா!" என்கிறாள். அந்தப் பக்கம்தான் அப்பா இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள், அக்கா. அங்கேதானே தினமும் முகம் பார்க்கிறாள்! கதவு திறக்கிறது. டீச்சர் குனிந்து, "அடி என் தங்கமே, அப்பாவ தேடி வந்தியா?" என்று தூக்குகிறாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்க்கிறது. உள்ளே எங்கேயோ அப்பா ஒளிந்திருக்கிற மாதிரி.

சிறுபிள்ளை பொய் சொல்லாது என்பார்கள். பிள்ளை பிள்ளைதான், அதுக்கென்ன தெரியும் என்றும் சொல்வார்கள். இரண்டையும் நான் யோசித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவர் எட்டு மணிக்கு என்னோடு பேசும்போது லைன் போகிறது. போன உடனே அவளோடு பேசுகிறார். யார் கிள்ளுகிறார்கள் என்று தெரிய இதற்கு மேல் ஒரு டெஸ்டர் வேண்டுமா?

அப்படியிருக்கும்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வாசலில் நின்றுகொண்டு, ரொம்பப் பணிவாக.

"ஜூடித், தப்பா நினைக்காதீய. சாயங்காலம் ஒங்க பக்கத்துல ஏதாவது சுவிட்ச் ஆஃப் பண்ணுதியளா? பழைய வீடுல்லா, வயரிங் மாறிக் கிடக்கும். ஒரு தடவ உள்ள வந்து பாத்துக்கிடட்டுமா?"

என் அடுப்படிக்குள்! கேட்டீர்களா? என் வீட்டில் நான் சுவிட்ச் அணைக்கிறதால்தான் என் புருஷன் எனக்கு வரமாட்டேனென்கிறார், அப்படித்தானே அர்த்தம்? நான் சுவிட்ச் அணைப்பேன்தான். அது என் பழக்கம். போர்டிங்கில் சிஸ்டர் பெலாஜியா தினமும் சொல்வார்கள்: விளக்கைப் பார், கதவைப் பார், மனசாட்சியைப் பார், பிறகு படு. இந்தப் பிள்ளை தவழத் தொடங்கியதிலிருந்து எட்டு மணிக்கு முன்னாலேயே சமையலை முடித்துவிட்டு, அடுப்படி சுவிட்ச் போர்டை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக அணைத்துவிடுவேன். அப்புறம்தான் போனோடு உட்காருவேன். காலையில் எழுந்து ஒரே தள்ளாகப் போடுவேன். மிக்சி, கிரைண்டர், லைட், இன்னொன்று. அந்த இன்னொன்று எதற்குமே இல்லை, எந்த வீட்டில்தான் இப்படி ஒன்று இல்லை? அதை எல்லாம் அவளுக்கு எதற்குக் காட்டவேண்டும்?

"என் வீட்டு சுவிட்செல்லாம் என் வீட்டுக்குத்தான் எரியும்" என்றேன்.

"இல்ல, ஒரு சந்தேகத்துக்குத்தான்..."

சந்தேகம். அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக்கூடாது. எனக்குள் எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது. "சந்தேகம் எனக்குந்தான் இருக்கு டீச்சர். ஒங்களுக்குன்னு ஒரு ஆளு இருந்தா, அடுத்தவ வீட்டு ஆளுட்ட தெனமும் பத்து வரைக்கும் எண்ணிட்டு நிப்பீங்களா?"

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிள்ளை அவள் சுடிதாரைப் பிடித்திருந்தது. அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இதைக் கேளுங்கள், இதுதான் முக்கியம். மறுநாள் அவள் படுக்கை அறையிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து, சுவரோரமாகக் கொண்டுவந்து அந்தப் பெட்டியில் மாட்டினாள். அன்றைக்கு எட்டு மணிக்கு நெட் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் போகவில்லை, அக்கா! இத்தனை நாள் கம்பெனிக்காரனும் எலக்ட்ரீஷியனும் பஹ்ரைனும் கண்டுபிடிக்காததை என் ஒரே வார்த்தை கண்டுபிடித்துவிட்டது. ஒரு வயரை இழுத்துப் பேருக்கு மாட்டிவிட்டால் நான் நம்பிவிடுவேனா? திருடிக்கு உறைத்துவிட்டது. உறைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

மெர்வின்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். "டீச்சர எங்க? சத்தத்தையே காணோம்?" தலைவலியாம் என்றேன். மறுநாளும் தலைவலி என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. சாப்ட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். பிள்ளை தூங்கிட்டா என்றார். இல்லை என்றேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். லைன் அவ்வளவு நன்றாக இருந்தது.

இன்று காலையில் வண்டி வந்தது. மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அந்த நீள வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ரவுட்டரையும் பேட்டரிப் பெட்டியையும் எடுக்கவில்லை. பழைய பிளக்கிலேயே மாட்டிவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் லைன் இருக்கும் ஜூடித். பிள்ளை அப்பாவப் பாக்கட்டும்" என்றாள். போகிற போக்கிலும் தான் நல்லவள் என்று எழுதிவிட்டுப் போகவேண்டும் அவளுக்கு. பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவில்லை.

அய்யோ, பேசிக்கொண்டே நேரம் போனதே தெரியவில்லை. அவர் கூப்பிடுகிற நேரம். இருங்கள், அக்கா, அடுப்படியை மூடிவிட்டு வந்துவிடுகிறேன். அமலி, அங்கே போகாதே. இங்கே வா. கதவை விடு.

வந்துவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்... ஆங், இந்த முத்தம்...

கேட்டதா?

அக்கா, உங்களுக்குக் கேட்டதா? கீக்... மறுபடியும். காலியான வீடு. நீங்களும் நானும் இங்கே இருக்கிறோம். அங்கே யாருமே இல்லை. கிள்ள ஆள் இல்லாமல் கத்துகிறதே! இயேசுவே! பிள்ளையைக் கொடுங்கள், என்னிடம் கொடுங்கள். எங்கே எழுந்து போகிறீர்கள்? அந்தப் பக்கமா? இல்லையா? என் அடுப்படிக்கா? அங்கே ஒன்றும் இல்லை, அக்கா. இப்போதுதான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தேன். எதற்கு ஒவ்வொன்றாகப் போடுகிறீர்கள்? அது மிக்சி. அது கிரைண்டர். அது லைட். அது எதற்கும் இல்லை, அதை விடுங்கள்...

நின்றுவிட்டது.

திரும்ப அணைக்காதீர்கள். அணைக்காதீர்கள் என்கிறேன்! கேட்கிறதே. போடுங்கள். போட்டுவிடுங்கள்.

ம்.

தெரிகிறது. நீங்கள் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பக்கத்துப் பிளக் என் பக்கத்து சுவிட்சில் இருக்கிறது. அதனால் என்ன? வீட்டுக்காரர் வயரிங் மாற்றாமல் விட்டால் அது என் குற்றமா? அவள் அப்போதே அழுத்திக் கேட்டிருக்கலாமே. படித்தவள்தானே. ஒரு வார்த்தை சொன்னதும் விரலைப் பிரித்துவிட்டுப் போய்விட்டாளே. மடியில் கனமில்லாதவள் போவாளா? சொல்லுங்கள். ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்? அவளும் இப்படித்தான் நின்றாள்.

போன் அடிக்கிறது. அவர்தான். இப்படி நகர்ந்துகொள்ளுங்கள், உங்கள் முகம் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஆங், சாப்ட்டேன். இல்ல, இன்னும் தூங்கல. இந்தா, அமலி, அப்பா பாரு. ஏய், அங்க ஓடாத, அப்பா இங்க! ... என்னது? இல்லங்க, இப்ப ஒரு நிமிஷம் சத்தம் வந்துச்சு, நின்னுட்டு. ... நான் இல்ல. பக்கத்து போர்ஷன பாக்க ஒரு அக்கா வந்திருக்காங்க. அவங்கதான் என்னமோ பண்ணாங்க. ... தெரியல, எந்த சுவிட்ச்னு எனக்கு என்ன தெரியும்? ... எதுக்கு? ... இப்பயேவா? ... அவங்க கெளம்பிட்டாங்க. ... ஆமா, போயாச்சு."

போனை அவங்கட்ட குடு என்கிறார், அக்கா. கேட்டீர்களா? விவரமான ஆள் போலிருக்கே, அவங்கட்ட குடு, நானே கேட்டுக்கிடுதேன் என்கிறார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

நீங்கள் கிளம்புங்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. போர்ஷன் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல காற்று. இந்த வழியாகவே போங்கள், அந்தப் பக்கத்து வாசலைப் பூட்டிக்கொண்டு போகலாம். அமலி, அக்கா சேலையை விடு. விடு என்கிறேன். இப்படி ஒரு பிள்ளை, யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது. இதோ, ஒவ்வொரு விரலாக எடுத்துவிடுகிறேன். போங்கள்.

சாத்துகிறேன்.

அக்கா, அங்கே இன்னும் நிற்கிறீர்களா? கதவுக்கு அடியில் நிழல் தெரிகிறது. அந்த சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், கவலைப்படாதீர்கள், இனி அதை நான் தொடமாட்டேன். இவள் கதவைத் தட்டுகிறாள், அது உங்களுக்கில்லை, திறந்துவிடாதீர்கள். அப்பா அப்பா என்று சொல்கிறாள், கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள். கையில் போனில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏட்டி, ஏட்டி, கேக்குதா என்கிறார். உடையட்டும். எனக்குக் கேட்கிறது.

தாழ் நகரமாட்டேன் என்கிறது. துரு. இருங்கள், இரண்டு கையாலும் தள்ளுகிறேன். சிஸ்டர் பெலாஜியா சொன்ன மாதிரி, விளக்கைப் பார்த்தாயிற்று. கதவு... இதோ, விழுந்துவிட்டது.